கோவிட் இறப்பு எண்ணிக்கையும் பதிவேட்டு மரபும்: கும்பகோணம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றில் எத்தனை பேர் இறந்தனர் என்னும் வினா இந்தியாவில் அரசுக்கும் ஆய்வாளர்க்கும் இடையே கடும் கருத்து மாறுபாட்டை உண்டாக்கியது. தமிழ்நாட்டில் இது 2020 ஜூன் மாதம் சென்னையில் தொடங்கி, நீதிமன்றம் வரை சென்றது. மறைப்பு, மிகைப்படுத்தல் என்ற இரு குற்றச்சாட்டுகளுக்குள் இம்மாறுபாட்டை அடக்கிவிட இயலாது என்பதும், இறப்பைப் பதியும் சட்டமும் படிவமும் நிருவாக எல்லையும் எண்ணிக்கையை எவ்வாறு உருவாக்கின என்பதைக் காண வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சா இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டு, கும்பகோணம் வட்டாரத்தின் பதிவுமுறை இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோவிட்-19, மிகை இறப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, இணைநோய், 1918 இன்புளுயன்சா, கும்பகோணம், காவிரிப் படுகை.

முன்னுரை

கும்பகோணம் தன் சாவுகளை எண்ணிப் பழகிய ஊர். 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்தில் ஏற்பட்ட நெரிசலிலும், 2004 ஜூலை 16 அன்று தொடக்கப்பள்ளி ஒன்றில் மூண்ட தீயிலும் நிகழ்ந்த இழப்புகள் நகரத்தின் நினைவில் எண்களாகவே நிலைத்துள்ளன. தீ விபத்தில் மாண்ட 94 குழந்தைகளின் எண்ணிக்கை குறித்து இன்றுவரை எவரும் ஐயம் எழுப்பியதில்லை. ஓரிடத்தில், ஒரு பகற்பொழுதில் நிகழ்ந்த இறப்புகள் அவை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெற்றோர் சான்று நின்றனர்.

கொள்ளைநோய்ச் சாவு அவ்வாறு எண்ணத்தக்கதன்று. அது வீடுகளிலும் ஆம்புலன்சுகளிலும் தொலைவூர் மருத்துவமனைகளிலும் பல வாரங்களுக்குப் பரவிக் கிடக்கிறது. இறந்தவர் எந்த நோயால் இறந்தார் என்பதை ஒருவர் எழுதியாக வேண்டும். எழுதியதை மற்றொருவர் தொகுத்தாக வேண்டும். தொகுத்ததை இன்னொருவர் வெளியிட்டாக வேண்டும். இம்மூன்று செயல்களும் தமிழ்நாட்டில் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் நிகழ்ந்தன. எண்ணிக்கை குறித்த மாறுபாட்டிற்கு முதற்காரணம் இதுவே.

மாநிலத்தின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 38,000ஐச் சற்றே கடந்து நின்றது. இந்த எண்ணை அப்படியே ஏற்பதும், ஏதேனும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வேறோர் எண்ணைச் சொல்வதும் வரலாற்றாய்வுக்கு உதவா. எண் எவ்வாறு பிறந்தது என்பதே ஆய்வாளன் கேட்க வேண்டிய முதல் வினா.

1918: சுரம் என்னும் பத்தி

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர்களில் பதிவு, வரி தண்டும் கிராம அதிகாரிகளின் கையில் இருந்தது. நில அளவையையும் கிஸ்தியையும் எழுதிய அதே கைகள் சாவையும் எழுதின. அவர்கள் மருத்துவர் அல்லர். இறப்புக்கான காரணங்கள் காலரா, பெரியம்மை, பிளேக், சுரம், வயிற்றுப்போக்கு, மூச்சுறுப்பு நோய், காயம், பிற என விரல்விட்டு எண்ணத்தக்க சில பத்திகளில் அடக்கப்பட்டன. காலராவும் பெரியம்மையும் ஊரறிந்த அடையாளங்களை உடையவை. ஆதலின் அவற்றின் எண்கள் ஓரளவு நம்பத்தக்கவை. சீனிவாச இராமானுஜன் 1889இல் குழந்தைப் பருவத்தில் பெரியம்மை கண்டு பிழைத்த செய்தியைச் சொல்லும் வரலாற்று நூல்கள், அக்காலத்துத் தஞ்சை மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் அந்நோயால் மாண்டதையும் சேர்த்துச் சொல்வது இத்தகைய பதிவுகளின் பயனே.

இன்புளுயன்சாவுக்குப் பத்தி இல்லை. 1918இன் பிற்பகுதியில் மாகாணமெங்கும் அந்நோய் பரவியபோது, அதனால் நேர்ந்த இறப்புகளில் பெரும்பகுதி ‘சுரம்’ என்னும் பத்தியில் விழுந்தது. சில மூச்சுறுப்பு நோயில் சேர்ந்தன. மலேரியாவும் டைபாய்டும் பெயரறியாக் காய்ச்சல்களும் ஆண்டுதோறும் வந்து சேரும் பத்தி அது. அதில் இன்புளுயன்சா இறப்பைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை.

ஆகவே அன்றைய அரசு அதிகாரிகள் ஒரு முறையைக் கையாண்டனர். முந்தைய ஆண்டுகளின் சராசரி இறப்பைக் கணக்கிட்டு, 1918இல் பதிவான மொத்த இறப்பிலிருந்து அதனைக் கழித்தனர். எஞ்சியது கொள்ளைநோயின் பங்கு எனக் கொண்டனர். இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் 1919இல் அளித்த முதனிலை அறிக்கை ஏறத்தாழ 60 லட்சம் இறப்புகளைக் கூறியது. பதிவுமுறையே நோயின் உச்சத்தில் நிலைகுலைந்தது, எழுத வேண்டியவர்களே படுக்கையில் கிடந்தனர் என்பதைக் கருத்திற்கொண்டு, 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை அதனை 1.2 கோடி முதல் 1.3 கோடி வரை உயர்த்தியது. 1951இல் கிங்ஸ்லி டேவிஸ் ஏறத்தாழ 2 கோடி என்றார். 1986இல் ஐ. டி. மில்ஸ் 1.7 கோடி முதல் 1.8 கோடி என மதிப்பிட்டார். 2012இல் சித்தார்த் சந்திராவும் உடனாசிரியர்களும் 1.388 கோடி என்றனர்.

இவ்வரிசை இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, அரசின் முதல் எண் பின்வந்த எல்லா எண்களினும் சிறியது. மற்றொன்று, பின்வந்த எண்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகவில்லை. ஏறி, மீண்டும் இறங்கின. முதல் எண் குறைவு என்பதாலேயே மிகப் பெரிய எண் மெய்யாகிவிடாது. 2020க்குப் பின் எழுந்த வாதங்களில் இவ்விரண்டாம் செய்தியை நினைவுகூர்ந்தவர் சிலரே.

‘மிகை இறப்பு’ என இன்று வழங்கும் கணக்கீடு வெளிநாட்டுக் கணித மாதிரியர் கொண்டுவந்த புதுமை என்பது போன்ற பேச்சு 2022இல் பரவலாக இருந்தது. நூறாண்டுக்கு முன் சிம்லாவிலும் சென்னையிலும் அமர்ந்து அதே கழித்தலைச் செய்தவர்கள் அரசு அலுவலரே. கழித்தல் முறை பழையது. கழிக்கப்படும் எண்ணின் நம்பகத்தன்மைதான் காலந்தோறும் வினாவுக்குரியது.

சென்னையின் 444

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டது. முதல் இறப்பு மார்ச் 25 அன்று மதுரையில் நிகழ்ந்தது. அன்றுமுதல் மாநிலச் சுகாதாரத் துறை நாள்தோறும் செய்திக்குறிப்பு வெளியிட்டது. இறந்தவரின் வயது, பால், மாவட்டம், மருத்துவமனை, சேர்ந்த நாள், இறந்த நாள், இணைநோய் ஆகியவற்றைப் பெயரின்றித் தனித்தனியே தந்த அக்குறிப்புகள், இந்திய மாநிலங்கள் வெளியிட்டவற்றுள் விரிவானவை. குறை சொல்லும்போது இதனையும் சொல்வதே நேர்மை. எண்ணிக்கையில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்க முடிந்ததே அக்குறிப்புகளின் விரிவினால்தான்.

2020 ஜூன் முற்பகுதியில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் கோவிட் எனக் குறிக்கப்பட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட இறப்புகள் மாநிலச் செய்திக்குறிப்பில் இடம்பெறவில்லை எனத் தெரியவந்தது. ஒரே நகரம், ஒரே நோய், இரண்டு அரசு ஏடுகள். மருத்துவமனைகள் இறப்பை மாநகராட்சிக்குப் பதிவின் பொருட்டுத் தெரிவித்தன. அதே செய்தியைப் பொது சுகாதாரத் துறைக்கும் தனியே தெரிவித்திருக்க வேண்டும். இரண்டாவது வழி பல நேரங்களில் அடைபட்டுக் கிடந்தது. வீட்டில் நிகழ்ந்த இறப்புகள் அவ்வழியில் நுழையவே இல்லை.

அரசு ஒரு குழுவை அமைத்து, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலான பதிவுகளை ஒப்பிடச் செய்தது. குழுவின் பரிந்துரைப்படி ஜூலை 22 அன்று 444 இறப்புகள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன. மாநில எண்ணிக்கை 3,144 ஆயிற்று. இந்த நிகழ்ச்சியை அரசின் ஒப்புதல் வாக்குமூலம் என எதிர்க்கட்சிகளும், வெளிப்படைத்தன்மைக்குச் சான்று என அரசும் பேசின. இரண்டும் அரசியல் மேடைக்கு உரியவை. வரலாற்றாய்வுக்கு உரிய செய்தி வேறு. ஏடுகளை ஒப்பிட்டால் எண் மாறும் என்பது சென்னையில் மெய்ப்பிக்கப்பட்டது. சென்னைக்கு வெளியே அதே அளவில், அதே வெளிப்படையோடு அவ்வொப்பீடு நிகழவில்லை. படுகை மாவட்டங்களுக்கு ஒரு 444 கிடைக்காமைக்குக் காரணம் அங்கே வேறுபாடு இல்லாமையன்று, தேடுதல் இல்லாமையே.

பின்னர் ஜோசப் லூனார்டு, ரமணன் லட்சுமிநாராயண் உள்ளிட்டோர் சென்னைப் பதிவேட்டைக் கொண்டு செய்த ஆய்வு, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை அந்நகரில் 25,990 மிகை இறப்புகள் நிகழ்ந்ததாகக் கூறியது. அக்காலத்து அதிகாரப்பூர்வ எண்ணிக்கை எட்டாயிரத்தை ஒட்டியது. மூன்று மடங்கு வேறுபாடு. இறப்புப் பதிவு ஏறத்தாழ முழுமை பெற்ற ஒரு மாநகரில், பதிவேட்டைக் கொண்டே நிறுவப்பட்டது என்பதால் இவ்வெண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு.

இணைநோய் என்னும் சொல்

2020ஆம் ஆண்டு தமிழில் வேரூன்றிய சொற்களுள் ‘இணைநோய்’ ஒன்று. சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் உடையவர் கோவிட் தாக்கி இறந்தால், சாவுக்குக் காரணம் எது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்குத் தெளிவான விடை தந்திருந்தது. இணைநோய்கள் இறப்பின் அடிப்படைக் காரணமாகா. கோவிட் நிமோனியாவாகவும் மூச்சுத்திணறலாகவும் வளர்ந்து உயிரைக் கவர்ந்திருப்பின் கோவிடே அடிப்படைக் காரணம். பரிசோதனையில் உறுதியானவற்றுக்கு யு07.1 என்றும், நோய்க்குறிகளால் மட்டும் கருதப்பட்டவற்றுக்கு யு07.2 என்றும் குறியீடுகள் ஒதுக்கப்பட்டன.

நடைமுறை வேறாயிற்று. நாள்தோறும் வெளியான எண்ணிக்கை, பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே பெரும்பாலும் கொண்டது. நுரையீரல் முழுதும் பாதிக்கப்பட்டதைச் சிடி ஸ்கேன் காட்டியும் ஆர்டி-பிசிஆர் முடிவு ‘நெகட்டிவ்’ என வந்தவர், முடிவு வருமுன் இறந்தவர், நோய் தணிந்தபின் அதன் விளைவால் இறந்தவர் ஆகியோர் எண்ணிக்கையின் ஓரத்தில் நின்றனர். நிமோனியா, மூச்சுச் செயலிழப்பு, மாரடைப்பு என்னும் சொற்கள் அவர்தம் படிவங்களில் எழுதப்பட்டன. 1918இன் ‘சுரம்’ செய்த வேலையை 2021இல் ‘நிமோனியா’ செய்தது.

இதற்கு மருத்துவர்களின் உள்நோக்கத்தை மட்டும் காரணம் காட்டுவது எளிது, போதுமானதன்று. காரணம் எழுதும் படிவம் இறப்பைத் தொடர்ச்சியாகக் காண்பது: உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் எனக் கீழ்நோக்கி இறங்குவது. நெருக்கடி நாள்களில் முதல் வரியோடு நின்றுவிட்ட படிவங்களில், அடிப்படைக் காரணம் வெற்றிடமாகவே விடப்பட்டிருக்கும். மருத்துவச் சான்றளிப்பின் பரப்பும் குறுகியது. பதிவான இறப்புகளுள் மருத்துவர் காரணம் சான்றளித்தவை இந்திய அளவில் 2020இல் 22.5 விழுக்காடே. தமிழ்நாடு இச்சராசரியினும் மேம்பட்டது எனினும், வீட்டுச் சாவுகளில் பெரும்பாலானவை மருத்துவர் கண்ணிற் படாதவையே.

இந்தச் சான்றளிப்பு அறிக்கையிலேயே அரசின் நாள்வாரி எண்ணுக்கு எதிரான சான்று ஒன்று உள்ளது. 2020இல் மருத்துவச் சான்றளிக்கப்பட்ட ஏறத்தாழ 18 லட்சம் இறப்புகளுள் கோவிட் எனக் குறிக்கப்பட்டவை 1,60,618. அவ்வாண்டு இறுதியில் நாட்டின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 1.49 லட்சத்தை ஒட்டியது. மொத்தப் பதிவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றைக் கொண்டே நாள்வாரி எண்ணை மிஞ்சிவிட்டது என்றால், எஞ்சிய நான்கில் மூன்று பங்கில் கோவிட் இறப்பு ஒன்றுமே இல்லை என எவரும் வாதிட இயலாது. வெளிநாட்டு மதிப்பீடு எதையும் துணைக்கு அழைக்காமலே, அரசின் ஓர் ஏடு மற்றோர் ஏட்டை மறுக்கிறது.

சான்றிதழில் எழுதப்படாத காரணம்

2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையில் நாள் தொற்று மே 21 அன்று 36,184 என்னும் உச்சத்தை அடைந்தது. அதன்பின் எண்ணிக்கை பற்றிய வினா ஆய்வரங்கை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பெற்றோர் இருவரையும் கோவிடுக்குப் பறிகொடுத்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி, ஒருவரை இழந்திருப்பின் 3 லட்சம் ரூபாய் என மே 29 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வோர் இறப்புக்கும் 50,000 ரூபாய் கருணைத்தொகைக்கு ஒப்புதல் அளித்தது. காரணம் என்னும் பத்தியில் எழுதப்பட்ட ஒரு சொல் இப்போது பணமதிப்பு உடையதாயிற்று.

சான்றிதழில் கோவிட் என எழுதித் தரவில்லை என்பது அந்நாள்களில் எங்கும் கேட்ட முறையீடு. இம்முறையீட்டில் ஒரு சட்டச் சிக்கல் பொதிந்திருந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரப்படும் இறப்புச் சான்றில் காரணத்தை வெளியிடுதல் கூடாது என விதித்திருந்தது. இறந்தவரின் மானத்தையும் குடும்பத்தின் மதிப்பையும் காக்கும் நோக்கம் இவ்விதியில் தெரிகிறது. தொழுநோயும் காசநோயும் குடும்பத்திற்கு இழுக்காகக் கருதப்பட்ட காலத்தில் அது பொருத்தமான காப்பு. 2021இல் அதே விதி குடும்பங்களுக்குத் தடையாக நின்றது. அலுவலர் சட்டப்படி நடந்தார். குடும்பம் ஏமாற்றப்பட்டதாக எண்ணியது. இரண்டும் ஒரே சாளரத்தின் இருபுறமும் நிகழ்ந்தன.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு 2021 ஜூனில் இறப்புக் காரணம் சரிவரப் பதியப்படுவது குறித்து மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஜூன் 30 தீர்ப்பைத் தொடர்ந்து, செப்டம்பரில் நடுவண் அரசு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. பரிசோதனையில் தொற்று உறுதியான 30 நாள்களுக்குள் இறந்தவர், வீட்டில் இறந்திருப்பினும், கோவிட் இறப்பாகக் கொள்ளப்படுவார். குறையுடையோர் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். இறப்புச் சான்றிதழுக்கு வெளியே ‘கோவிட் இறப்பு அலுவல் ஆவணம்’ என ஒரு தனித்தாள் பிறந்தது. பதிவேட்டைத் திருத்தாமல், பதிவேட்டிற்கு இணையாக இன்னோர் ஏட்டை உருவாக்கிய இத்தீர்வு நிருவாக நோக்கில் விரைவானது; வரலாற்று நோக்கில் இதனால் மூன்றாவதாக ஓர் எண் தோன்றியது.

அவ்வெண் எத்தகையது என்பதைப் பிற மாநிலங்கள் காட்டின. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, 10,094 இறப்புகளை அறிவித்திருந்த குஜராத்தில் 68,370 விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டிருந்தன. அரசு தானே ஏற்றுப் பணம் வழங்கிய இறப்புகள், அரசு அறிவித்த இறப்புகளினும் ஆறு மடங்குக்கு மேல். வரையறையை மாற்றினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

திறனாய்வாளர் தரப்பின் குறைகள்

அரசின் எண் குறைவானது எனச் சொன்னோர் அனைவரும் முறைப்படி சொன்னார் அல்லர். 2021 ஜூனில் அறப்போர் இயக்கம், மதுரை, கோயம்புத்தூர், திருச்சி, கரூர், திருப்பூர், வேலூர் ஆகிய ஆறு ஊர்களின் அரசு மருத்துவமனைகள் வழங்கிய இறப்புச் சான்றிதழ்களைச் செய்திக்குறிப்போடு ஒப்பிட்டு, இறப்புகள் பல மடங்கு குறைத்துக் காட்டப்பட்டன என அறிவித்தது. பொதுவெளியில் கிடைத்த சான்றிதழ்களைக் கொண்டு குடிமக்கள் குழு ஒன்று செய்த இம்முயற்சி மதிக்கத்தக்கது. எனினும் பெருமருத்துவமனை ஒன்றின் இறப்புகள், அவ்வூரின் இறப்புகள் ஆகா. நெருக்கடியில் சிறு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பியபோது, வீட்டிலோ தனியார் மருத்துவமனையிலோ நிகழ்ந்திருக்க வேண்டிய இறப்புகளும் அங்கே குவிந்தன. அவ்விகிதத்தை மாநிலம் முழுமைக்கும் விரிப்பது முறையன்று. அறிக்கையில் படுகை மாவட்ட மருத்துவமனை ஒன்றும் இடம்பெறவில்லை என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும்.

மிகை இறப்பு என்பதும் கோவிட் இறப்பு என்பதும் ஒரே பொருளன அல்ல. ஊரடங்கால் டயாலிசிஸ் கிட்டாமல் இறந்தவர் மிகை இறப்பில் சேர்வார். சாலைகள் வெறிச்சோடியதால் விபத்தில் இறவாது தப்பியவர் அதனைக் குறைப்பார். 2022 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் 47 லட்சம் மிகை இறப்புகள் என்றபோது, பலரும் அதனைக் ‘கோவிட் சாவு 47 லட்சம்’ எனச் சுருக்கிக்கொண்டனர். நடுவண் அரசு கணித மாதிரியை மறுத்தது. அதற்கு இரு நாள்கள் முன்பே 2020ஆம் ஆண்டின் பதிவு அறிக்கையை வெளியிட்டு, இறப்புகள் 76.4 லட்சத்திலிருந்து 81.2 லட்சமாக மட்டுமே உயர்ந்தன எனச் சுட்டியது. பேரிழப்பு நேர்ந்தது 2021இல். அவ்வாண்டின் அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது: பதிவான இறப்புகள் 1.02 கோடி. முந்தைய ஆண்டினும் ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். அவ்வாண்டில் கோவிட் எனக் கணக்கிடப்பட்டவை மூன்றரை லட்சத்திற்கும் குறைவு. பதிவு மேம்பட்டதும், 2020இல் தவறியவை தாமதமாக எழுதப்பட்டதும் இவ்வுயர்வில் ஒரு பங்கு வகிக்கலாம். முழுவதையும் அவற்றின் மேல் ஏற்றிவிட இயலாது. நான்காண்டு கழித்து வந்த எண்ணுக்குப் பத்திரிகைகள் ஒரு நாள் இடம் தந்தன.

கும்பகோணத்தின் எல்லைகள்

மாவட்ட எல்லையும் வாழ்வெல்லையும் ஒன்றாத இடம் கும்பகோணம். நகரம் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளது. சில கல் தொலைவில் உள்ள வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். கிழக்கே குத்தாலம் மயிலாடுதுறை மாவட்டம். கொள்ளிடம் கடந்தால் ஜெயங்கொண்டம் அரியலூர் மாவட்டம். இவ்வூர்களின் நோயாளிகள் வழிவழியாக நாடுவது கும்பகோணத்தின் அரசுத் தலைமை மருத்துவமனையையும் தனியார் மருத்துவமனைகளையும். அங்கும் இயலாதபோது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் உள்ள தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை.

சட்டப்படி இறப்பு, நிகழ்ந்த இடத்தில் பதியப்படும். வாழ்ந்த இடத்தில் அன்று. எடுத்துக்காட்டாக, வலங்கைமான் பெண்ணொருவர் கும்பகோணத்தில் சேர்க்கப்பட்டுத் தஞ்சாவூரில் இறந்தால், செய்திக்குறிப்பில் அவர் திருவாரூர் மாவட்டத்தவர். பதிவேட்டில் தஞ்சாவூரின் இறப்பு. எரியூட்டப்பட்ட இடம் மூன்றாவதாக இருக்கலாம். கும்பகோணத்தின் பதிவேடு மட்டும் கொண்டு கும்பகோணத்தார் எத்தனை பேர் மாண்டனர் எனக் கூற முயல்வது, சந்தைக்கு வந்த நெல்லைக் கொண்டு ஊரின் விளைச்சலைக் கணிப்பது போன்றது. சென்னையில் பணிபுரிந்து அங்கேயே இறந்த படுகையூரார் சென்னையின் எண்ணில் சேர்ந்தனர். சென்னையின் 25,990இல் படுகைக்குரிய பங்கு ஒன்றும் உண்டு.

பெருந்தொற்றின் நடுவே எல்லைகளும் மாறின. 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. முதல் அலை வரை ஒரு மாவட்டமாக எண்ணப்பட்ட நிலப்பரப்பு, இரண்டாம் அலையில் இரண்டாயிற்று. கும்பகோணமும் 2021இல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாயிற்று. 2019ஐ 2021உடன் ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் இத்தையல்களை முதலில் பிரித்தாக வேண்டும்.

நகரத்திற்கு வெளியே பதிவாளர், கிராம நிர்வாக அலுவலர். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபின் வந்த இவ்வலுவலரும் வருவாய்த் துறையினரே. நிலத்தை எழுதும் கை சாவையும் எழுதும் மரபு தொடர்கிறது. இறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் சிற்றூர்களில் சாவைப் பதியத் தூண்டுவது விதியைக் காட்டிலும் தேவையே: வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு, காப்பீடு. நிலமும் கணக்கும் தம் பெயரில் இல்லாத விவசாயக் கூலிப் பெண்ணின் சாவுக்கு இத்தேவைகள் குறைவு. கோவிட் கருணைத்தொகை அத்தேவையைப் புதிதாக உண்டாக்கியது. எனினும் அதற்குப் பரிசோதனைத் தாள் வேண்டும். காய்ச்சலோடு வீட்டிலேயே கிடந்து, பரிசோதனைக்குப் போகாமலே இறந்தவர்க்கு அத்தாள் இல்லை. 2021 மே இறுதியில் சாவுகள் உச்சத்தில் இருந்தன. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. காரியம் முடிந்த வீடுகளிலிருந்தும் ஆள்கள் குறுவை நாற்றங்காலுக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகத்திற்கு நடையாய் நடப்பதற்குக் கூலியிழப்பு என்னும் விலை உண்டு. எண்ணப்படாமை எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவில் நேர்ந்ததன்று என்பதே படுகைப் பகுதி சேர்க்கும் செய்தி. மாநில அளவிலான பெருக்கெண் எதுவும் இதனைக் காட்டாது.

பதிவேட்டிலிருந்து தொடங்கும் வேலை

இவ்வட்டாரத்தின் எண்ணிக்கையைக் கண்டறிதல் இயலாதது அன்று. இறப்பைத் தெரிவிக்கும் இரண்டாம் எண் படிவம் இரு பகுதிகளை உடையது. சட்டப் பகுதியில் இறந்தவர் பெயர், நாள், இறந்த இடம், இறந்தபோது இருந்த முகவரி, நிலையான முகவரி ஆகியன உள்ளன. அது பதிவாளரிடமே தங்குகிறது. புள்ளியியல் பகுதியில் வாழ்விட ஊர், தொழில், மருத்துவச் சான்று உண்டா என்பது, இறப்பின் காரணம் ஆகியன உள்ளன. அது கிழித்தெடுக்கப்பட்டு மேலலுவலகத்திற்குச் செல்கிறது. பெயரும் முகவரியும் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இருக்க, காரணம் சென்னைக்குப் போய்விடுகிறது.

முகவரியைக் கொண்டு இறப்புகளை வாழ்ந்த ஊருக்குத் திருப்பினால், 2015 முதல் 2019 வரையிலான சராசரியோடு 2021ஐ ஊர்தோறும் ஒப்பிடலாம். அதற்குக் கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய நான்கு நகரப் பதிவேடுகளின் சட்டப் பகுதிகளும், சூழ்ந்த வட்டங்களின் கிராமப் பதிவுகளும் ஒருங்கே வேண்டும். தனிமனிதர் பெயர்களை நீக்கி, ஊர், வயது, பால், நாள் ஆகியவற்றை மட்டும் ஆய்வுக்குத் தருதற்கு 17ஆம் பிரிவு தடையன்று; அப்பிரிவு தடுப்பது காரணத்தைச் சான்றிதழில் வெளியிடுவதையே. 1918க்குரிய கிராமப் பதிவேடுகள் பல கரையானுக்கு இரையாயின. மாகாண அறிக்கையின் கூட்டுத்தொகைகளே ஆய்வாளர்க்கு எஞ்சின. 2021க்குரியவை இன்னும் அலுவலக அலமாரிகளிலும் கணினிகளிலும் இருக்கின்றன. அவற்றை எழுதிய அலுவலர்கள் பலர் பணியில் இருக்கின்றனர். எந்தப் படிவத்தில் எந்தச் சொல் ஏன் எழுதப்பட்டது என்பதை அவர்களிடம் கேட்டறிய முடியும்.